ஒரு பல் தள்ளி

அப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீளமான பழைய கணக்கு நோட்டு. மாருதி 800-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1998-இல் ஆரம்பித்தது. கூட்டுறவு வங்கியில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தேதி, கிலோமீட்டர், வேலை, சாமான், கூலி என்று ஐந்து கட்டங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். பெட்ரோல் போட்டால் எழுதுவார். காற்றுப் பிடித்தால் எழுதுவார். ஆயில் மாற்றிய அன்று மெக்கானிக் பையனுக்கு வாங்கிக் கொடுத்த டீக்குக்கூட ஒரு வரி இருக்கும். எல்லாம் பென்சிலில். பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

அந்த நோட்டில் 2009 ஜூன் பக்கத்தில் இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது, ‘டைமிங் பெல்ட் மாற்றியது.’ அதற்கு நேரே சாமான், கூலி இரண்டும் போட்டிருக்கிறது. இரண்டு நாள் தள்ளி அடுத்தது: ‘இழுவை இல்லை. பெல்ட் ஒரு பல் தள்ளி. மறுபடி பிரித்தது. கூலி கொடுக்கவில்லை.’

நான் இன்ஜினியரிங் முடித்து வெளியே வந்ததும் 2009-இல்தான். மெக்கானிக்கல். இரண்டாம் வருடம் ‘வால்வு டைமிங் டயகிராம்’ என்று ஒரு பரிசோதனை உண்டு. வெட்டித் திறந்து வைத்த ஒரு மாடல் இன்ஜினின் ஃப்ளைவீலைக் கையால் சுற்ற வேண்டும். இன்லெட் வால்வு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று சாக்பீஸால் குறித்து, நூல் பிடித்து அளந்து, அளவை டிகிரிக்கு மாற்றி, ரெக்கார்டில் சுருள் சுருளாக ஒரு படம் வரைய வேண்டும். பத்துப் பேர் கொண்ட பேட்ச். ஃப்ளைவீலைத் தொட்டவர்கள் இரண்டு பேர். மற்ற எட்டுப் பேரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தோம். நான் வரைந்த படம் அழகாக வந்திருந்தது, முழு மார்க். அந்த வருஷமே ஐ.டி. கம்பெனி ஒன்றின் பயிற்சிக்குப் போனேன். பதினைந்து வருஷமாக ‘ரூல்ஸ் இன்ஜின்’, ‘சர்ச் இன்ஜின்’ என்று பேசிக்கொண்டிருக்கிறேனே தவிர, நிஜ இன்ஜின் ஒன்றில் ஒரு போல்ட்டைக்கூடத் திருகியதில்லை. காரணம் நான் மட்டுமல்ல. அப்பாவும்தான்.

அப்பாவுக்கு ஒரு சொல் உண்டு. ‘இப்படியால?’ சைக்கிள் டியூப்பை நான் கழற்றினால், ‘இப்படியால கழத்துறது?’ தபால் கவர் ஒட்டினால், ‘இப்படியால ஒட்டுறது?’ பன்னிரண்டு வயதில் ஒரு தடவை காரின் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். கிளிப்பைத் திரும்ப மாட்டிய விதத்திலிருந்தே கண்டுபிடித்தார். அடிக்கவில்லை. கிளிப்பை அவிழ்த்து, மறுபடி மாட்டிக் காட்டிவிட்டு, துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அந்த பானெட்டைத் தொடவில்லை.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பதினாறு வருஷம் வாய் திறக்காமல் புளியமரத்தடியில் இருந்தார் என்று நம்மாழ்வாரைப் பற்றிச் சொல்கிற ஊர் எங்களுடையது. ஆழ்வார்திருநகரியில் பிறந்த அப்பா ஒரு நாளைக்குப் பதினாறு வார்த்தை பேசினால் அதிகம். அதில் இரண்டு மூன்று ‘இப்படியால’வாக இருக்கும். அதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை.

*

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அன்றைக்குத் தெற்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். சாயங்காலம் அம்மாவிடம் பேசினேன், ‘தெருவுல தண்ணி ஓடுது, வேற ஒண்ணுமில்ல’ என்றாள். அதற்குப் பிறகு இரண்டரை நாள் போன் போகவில்லை. டி.வி.யில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. சுமார் 800 பேர் உள்ளே. எங்கள் வீட்டிலிருந்து அந்த ஸ்டேஷன் ஒரு சைக்கிள் மிதி தூரம். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ரயிலைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அம்மா சொன்னதுதான். ராத்திரி ஆறு தெருவுக்குள் வந்தது. அப்பா முதலில் பரணில் ஏற்றியது ரேஷன் கார்டையோ பத்திரத்தையோ இல்லை, நோட்டை. ‘அந்த மனுசன் கணக்கு நோட்டத் தூக்கிட்டு ஏணில ஏறுதாரு, நான் கீழ அரிசி மூட்டையக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கேன்’ என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். கார் வாசலில் நின்றது. பம்பர் மூழ்கி, பானெட் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஒரு முழுப் பகல் நின்றிருக்கிறது.

ஜனவரியில் என் பள்ளித் தோழன் வந்து வண்டியைப் பார்த்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய், திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகி, இப்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அந்த மாதம் அவன் தூங்கியே இருக்க மாட்டான். வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அவன் கடையிலிருந்து ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. சாவியைத் தொடாதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டான். தண்ணீர் புகுந்த சிலிண்டரில் ஸ்டார்ட்டரைத் தட்டினால், காற்று அமுங்குகிற மாதிரி தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, டீ நிறத்தில் இருந்த ஆயிலை வடித்து, இரண்டு தடவை புது ஆயில் ஊற்றி மாற்றி, ஒருவழியாக ஓட வைத்தான். என் மச்சான் அதற்குள் பழைய இரும்புக்கு என்ன விலை வரும் என்று விசாரித்து வைத்திருந்தார். அப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு வாசலில் வந்து உட்காருவதையும் குறைத்துவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

*

2024 மே மாதம், வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருட வாகனத்தில் எங்கள் ஊருக்கு வந்து சேர்கிற கருட சேவை நாளில் தெருவில் கால் வைக்க முடியாது. அதற்குள் காரை எடுத்து வேறிடத்தில் நிறுத்த வேண்டும். ஸ்டார்ட் செய்தேன். வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கிர்ர் என்று, மாவு தீர்ந்த பிறகும் ஓடுகிற மில் மாதிரி. தோழனை போனில் கூப்பிட்டு, போனையே இன்ஜின் பக்கம் நீட்டினேன்.

“டென்ஷனர் பேரிங் போயிருக்கு மாப்ள. தண்ணி புகுந்ததுல்லா. பெல்ட் எப்ப மாத்துனது?”

“2009.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “வண்டிய எடுக்காத. அறுந்துரும்.”

“நீ வந்து மாத்திக் குடுல.”

“திருவிழா முடியட்டும். இங்க எட்டு வண்டி நிக்கி. அவசரம்னா நீயே போடு. மெக்கானிக்கல்தானல படிச்சிருக்க?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான். படித்தவனுக்குத் தெரியும் என்று உண்மையிலேயே நினைத்துக் கேட்டான். மறுநாள் காலை பஸ் ஏறி திருநெல்வேலிக்குப் போய் பெல்ட்டும் டென்ஷனரும் வாங்கி வந்தேன். இரண்டும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். கடைக்காரர் பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தபோதே, இது அடிக்கடி விற்கிற சாமான் இல்லை என்று தெரிந்தது.

இந்தப் பெல்ட் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் கீழே ஒரு தண்டு, கிராங்க். பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றுவது அது. மேலே ஒரு தண்டு, கேம். வால்வுகளைத் திறந்து மூடுவது அது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு தவறினால், காற்று உள்ளே வர வேண்டிய நேரத்தில் கதவு சாத்தியிருக்கும், புகை வெளியே போக வேண்டிய நேரத்தில் பாதிதான் திறந்திருக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 25 முறை திறந்து மூடுகிறது. இரண்டு தண்டுகளையும் கட்டிவைத்திருப்பது உள்பக்கம் பற்கள் வைத்த ஒரு ரப்பர் வார். இருவிரல் அகலம்கூட இருக்காது. சில இன்ஜின்களில் அது அறுந்தால் திறந்து நிற்கிற வால்வின் மேல் பிஸ்டனே வந்து மோதும். வேறு சிலவற்றில் வண்டி நடுரோட்டில் நிற்பதோடு போய்விடும்.

அம்பாசடரில் இந்த வேலையைச் செய்தது இரும்புச் செயின். நவதிருப்பதி சுற்றிக் காட்ட எங்கள் ஊர் ஸ்டாண்டில் நின்ற அம்பாசடர்களின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பி.எம்.சி.யின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். செயின் ஆயிலில் நனைந்துகொண்டே ஓடும். தேய்ந்து தளர்ந்தால் சலசலவென்று முன்கூட்டியே புலம்ப ஆரம்பித்துவிடும். ரப்பர் பெல்ட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நன்றாக இருக்கும், நன்றாக இருக்கும், ஒரு நாள் இருக்காது. பல் வைத்த பெல்ட் 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக உருவானது என்று படித்தபோது எனக்கு அம்மாவின் மெஷின் ஞாபகம் வந்தது. அதில் இருப்பது தோல் வார். துணி சிக்கினால் வார் வழுக்கும், ஊசி தப்பிக்கும். பல் வைத்த பெல்ட் வழுக்காது, அதுதான் அதன் பெருமை. காருக்குள் அதை முதலில் பெரிய அளவில் கொண்டு வந்தது ஜெர்மனியின் க்ளாஸ் என்ற சின்னக் கம்பெனி, 1962-இல். செயினைவிடச் சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயில் வேண்டாம், விலையும் மலிவு. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினில் இருப்பதும் இதே வகை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவியைக் கொடுத்தார்கள். 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதே வருஷம் மே மாதம் அம்பாசடரும் நின்றது. மாருதியின் பிந்தைய பெட்ரோல் இன்ஜின்கள் செயினுக்கே திரும்பிவிட்டன. ‘இந்தப் பெல்ட் வேலை 800, ஆம்னி, சாண்ட்ரோன்னு பழைய வண்டில மட்டும்தான் இப்ப வருது’ என்றான் தோழன். அவன் கை பழகிய ஒரு வேலை இன்னும் சில வருஷத்தில் இருக்காது. அவன் அதைக் கவலையாகச் சொல்லவில்லை. நான்தான் கவலைப்பட்டேன், நம் வேலைகளைப் பற்றி நமக்கு இருக்கிற பயத்தில்.

*

முதல் நாள் முழுக்கக் கழற்றுவதிலேயே போனது. ஜாக்கி வைத்து, ஜாக்கியை நம்பாமல் ஸ்டெப்னியையும் ஒரு மரக்கட்டையையும் அடியில் தள்ளி, வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஃபேன் பெல்ட் சுலபமாக வந்தது. கிராங்க் புல்லியைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகளில்தான் சனி உட்கார்ந்திருந்தது. வெள்ளத்துத் துரு. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் போல்ட் திரும்புவதற்குப் பதிலாக மொத்த இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறது. கியரில் போட்டு யாராவது பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும்.

வீட்டில் இருந்தது அப்பா. எழுபத்து நான்கு வயது, முட்டிவலி. கேட்கலாமா என்று நின்றேன். அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, சீட்டில் இருந்த துண்டை உதறி விரித்து, உட்கார்ந்து, நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தார். ஆறு மாதத்தில் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்தது அப்போதுதான். நான் கீழே இருந்து ‘மிதிங்கப்பா’ என்பேன். ஸ்பேனர் கையில் நடுங்கும். ‘விடுங்க’ என்பேன். நாலு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம். ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, உளியால் தட்டித் தட்டித் திருப்பினேன். உளியைத் தப்பாகப் பிடித்திருந்தேன், எனக்கே தெரிந்தது. மேலே இருந்து அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கவரைக் கழற்றியதும் உள்ளே வண்டல். கவரின் அடிமடிப்பில் ஒரு கைப்பிடி இருக்கும், காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து. தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. வயலில் என்றால் விலை கொடுத்து வாங்குகிற மண். ஐந்து மாதமாக ஆறு எங்கள் இன்ஜினுக்குள் இருந்திருக்கிறது. பெல்ட்டின் பற்களுக்கு நடுவே அது அப்பி, அரைத்து, ஓரங்களில் நூல் பிரிந்திருந்தது. அப்பா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஒரு ஓட்டை விரலில் எடுத்து நசுக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மாட்டுவது. கேம் சக்கரத்தில் ஒரு குறி, அது பின்னால் உள்ள தகட்டில் ‘வி’ மாதிரி வெட்டிய இடத்துக்கு நேராக வர வேண்டும். கிராங்க் சக்கரத்தில் ஒரு புள்ளி, அது ஆயில் பம்ப்பின் மேல் இருக்கும் அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். இரண்டும் நேராக நிற்கும்போது பெல்ட்டை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் மொத்த ரகசியமும். ஆனால் கேம் நிற்காது. வால்வு ஸ்பிரிங்குகள் அடியிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். குறிக்குக் கொண்டுவந்து கையை எடுத்தால் ‘டக்’கென்று குதித்து அந்தப் பக்கம் போய்விடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெல்ட்டைக் கோத்து, மூன்றாவது கை இருந்தால் டென்ஷனரைத் தள்ளிப் பிடிக்கலாம். மூன்று முறை குதித்தது. நாலாவது முறை நின்றது. குறியைப் பார்க்கத் தலையை நுழைக்க இடமில்லை. போனை உள்ளே விட்டு ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கினேன். நேராக இருந்தது. பிளக்குகள் இல்லாத இன்ஜினை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்றுக் கையாலேயே சுற்றினேன். எங்கேயும் முட்டவில்லை. டென்ஷனரை இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! ஆனால் தடுமாற்றம். ஐட்லிங்கில் வண்டி குலுங்கியது. டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் தளர்த்தி இப்படி அப்படித் திருப்பினால் சீராகும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். திருப்பினேன். ஒரு இடத்தில் குலுக்கல் நின்று சத்தம் வழுவழுப்பானது. இறுக்கினேன். அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சர்டிபிகேட் வாங்கிய பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது. அம்மா வந்து திருஷ்டி கழிக்காத குறைதான்.

அப்பாவை உட்கார வைத்து ஸ்ரீவைகுண்டம் வரை போய் வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளம் அரித்த ரோட்டோரங்களில் புதுச் செம்மண் கொட்டியிருந்தார்கள். பாலம் ஏறும்போது நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன், வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறியது. இருபத்தெட்டு வயது வண்டி, யோசிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“எப்படிப்பா இருக்கு?”

“நல்லாருக்கு” என்றார். உள்ளே போய்விட்டார்.

*

ராத்திரி சாப்பிட்ட பிறகு நோட்டை எடுத்தேன். புதுப் பெல்ட் எத்தனையாவது கிலோமீட்டரில் போட்டது என்று நானே எழுதி வைக்கலாம் என்று ஆசை. அப்பா முந்திவிட்டிருந்தார். தேதி, கிலோமீட்டர், சாமான் விலை எல்லாம் அவர் கையெழுத்தில், முன்பைவிடக் கொஞ்சம் நடுக்கத்தோடு. வேலைக் கட்டத்தில்: ‘டைமிங் பெல்ட், டென்ஷனர். வீட்டில் தம்பி மாற்றியது. இழுவை இல்லை.’

2009 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதே இரண்டு வார்த்தைகள். அந்தத் தடவை மறுபடி பிரிக்கச் சொல்லியிருக்கிறார். கூலியை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்தத் தடவை நோட்டுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதிலிருந்து அவர் ஒரே ஒரு தடவை ‘நல்லாருக்கு’ என்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ விஷயத்தில் எதிர்பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ மார்க், வேலை, சென்னையில் வாங்கிய ஃபிளாட். ஃபிளாட்டைப் பார்க்க வந்தவர் பாத்ரூம் கதவு தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, ‘இப்படியால வைப்பானுவொ?’ என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தச் சொல் வராமல் போனதற்குத் திண்ணையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறை சொல்லாமல் விட்டுவிடுகிற அளவுக்கு அவருக்கு வயதாகிவிட்டதா, அல்லது இவனிடம் சொல்லி என்ன என்று தோன்றிவிட்டதா? உளியைத் தப்பாகப் பிடித்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தாரே. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

பதினொரு மணி இருக்கும். தோழனைக் கூப்பிட்டேன்.

“ஓடுதா?”

“ஓடுது. இழுக்க மாட்டேங்குது.”

“ஒரு பல்லு மாறியிருக்கும். எனக்கு முதல் நாலு வண்டி அப்பிடித்தான் ஆச்சு. டிஸ்ட்ரிபியூட்டரத் தொட்டியோ?”

“லேசா.”

“ஏம்ல தொட்ட?”

அவன் விளக்கினான். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்தான். கேம் ஒரு பல் பிந்தினால் வால்வும் பிந்தும், தீப்பொறியும் பிந்தும். நான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியை மட்டும் சரிசெய்துவிட்டேன். அதனால் குலுக்கல் நின்றது. வால்வுகள் பிந்தியபடியேதான் இருந்தன. கிராங்க் சக்கரத்தின் பற்களை எண்ணி 360-ஐ வகுத்தால் ஒரு பல் என்பது பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவே ஒரு டிகிரிக் கணக்கு. ரெக்கார்டில் வரைந்த சுருள்படத்தில் அது சாக்பீஸ் தடிமன் அளவுகூடத் தெரியாது. ரோட்டில் பாலம் ஏறும்போது தெரியும். ஆபீஸில் நாங்கள் வாரம் ஒரு தடவை செய்கிற காரியம்தான் இது. அடியில் இருக்கிற தப்பைத் தொடாமல் மேலே ஒன்றைத் திருப்பிவைத்து, டெஸ்ட் பாஸ் ஆனதும் டிக்கெட்டை மூடிவிடுவோம். அதற்கு நல்ல மரியாதையான பெயர்கள் வைத்திருக்கிறோம்.

“போட்டோல நேராத்தான்ல தெரிஞ்சிது” என்றேன்.

“போட்டோ சாஞ்சு எடுத்தா குறியும் சாஞ்சுதான் தெரியும். கண்ணாடி வச்சுப் பாரு. டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட்டு விறைப்பா நிக்கணும், அந்தப் பக்கம் லொடலொடன்னு இருந்தா இறுக்கும்போது கேம இழுத்துரும். அதான் ஒரு பல்லு தள்ளிரும். விறைப்பு மொதல்ல, பெறவு டென்ஷனர்.”

இந்த ஒரு வரி எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் எட்டுப் பேரில் ஒருவனாக நின்று காப்பி அடித்திருப்பேன்.

*

விடியற்காலை ஐந்தரைக்கு ஜாக்கியை எடுத்தேன். கோவில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. கருட சேவைக்கு முந்தின நாள். சாயங்காலத்துக்குள் தெருவைக் காலி செய்தாக வேண்டும். அப்பா பல் துலக்கிவிட்டு வந்தவர் என்னைப் பார்த்தார், கழற்றிப் போட்ட சக்கரத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. துண்டை விரித்து சீட்டில் உட்கார்ந்து, நாலாவது கியரைப் போட்டுக்கொண்டார்.

இந்தத் தடவை போல்ட்டுகள் மறுபேச்சில்லாமல் வந்தன. அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை ஒரு குச்சியில் கட்டி உள்ளே நீட்டினேன். கிராங்கின் புள்ளி அம்புக்குறியில் கச்சிதமாக நின்றது. கேமின் குறி? வெட்டுக்குச் சரியாக ஒரு பல் பின்னால். நேற்று இதைத்தான் நேராக இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

பெல்ட்டை எடுத்தேன். கேமைக் குறிக்குக் கொண்டுவந்தேன். குதித்தது. மறுபடி கொண்டுவந்தேன்.

“இரு” என்றார் அப்பா.

சீட்டிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, கையை உள்ளே விட்டு, கேம் சக்கரத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். எழுபத்து நான்கு வயதுக் கை. ஆடாமல் நின்றது. விறைப்பாக இருக்க வேண்டிய பக்கத்தை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு பல்லாகக் கோத்தேன். டென்ஷனரை விட்டேன். கண்ணாடியை நீட்டி அவருக்கும் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு சுற்றுக் கையால் சுற்றி மறுபடி பார்த்தோம். இரண்டு குறிகளும் நின்ற இடத்தில் நின்றன. டிஸ்ட்ரிபியூட்டரை, அதன் காலடியில் பழைய அழுக்கு விட்டிருந்த தடத்தைப் பார்த்து, இருந்த இடத்துக்கே திருப்பினேன்.

ஸ்டார்ட் ஆனது. முந்தின நாள் வழுவழுப்பு இல்லை. பழைய 800-இன் அந்த மூன்று சிலிண்டர்ப் படபடப்பு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்கிற சத்தம். பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து, திருவிழாக் கூட்டம் வராத ஒரு சந்தில் நிறுத்தினோம். ஆயில் கசிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, பானெட்டை மேலே இருந்து விட்டேன். டமார் என்று விழுந்தது.

அப்பா நின்றார். திரும்பி வந்தார்.

“இப்படியால பானெட்ட அடைக்கிறது?”

தாழைத் தூக்கித் திறந்து, மெதுவாக இறக்கி, இரண்டு கையையும் விளிம்பில் வைத்து அமுக்கிக் காட்டினார். பிறகு மறுபடியும் திறந்துவிட்டு, என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.